வடை நிறைஞ்சிருக்கு

மங்கையர்க்கரசி ஒரு பொய்க்காரி என்று தென்முனை வங்கி எழுத்துமூலமாகத் தெரிவித்தபோது, அவள் சாம்பாரில் பெருங்காயம் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடிதம் சமையலறைச் சுவரிலிருந்த திரையில் வந்தது. மங்கையின் கை ஈரமாக இருந்ததால் ஜெபராணிதான் படித்தாள். ஜெபராணி மங்கையின் மெஸ்ஸில் ஒன்பது வருஷமாக அடுப்பைப் பார்க்கிறவள். பூசி மெழுகிப் பேசத் தெரியாது. கடிதத்தையும் அப்படியேதான் படித்தாள்.

"'தங்கள் கிரெடிட் கார்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வயது, வருமானம், அடையாளச் சான்று ஆகியவை சரியாக உள்ளன. வாய்மை எண் ஆயிரத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. தேவையான குறைந்த அளவு எழுநூறு. பதினைந்து நாள் கண்காணிப்பில் தாங்கள் நூற்று நாற்பத்து மூன்று முறை உண்மைக்குப் புறம்பாகப் பேசியுள்ளீர்கள்.' அம்புட்டுதான் அக்கா. கீழ ஒரு பூப்படம் போட்டிருக்கான்."

"என்னட்டி சொல்லுத? திரும்பப் படி."

"திரும்பப் படிச்சாலும் அதேதான் வரும்."

மங்கை அடுப்பைக் குறைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு வயதில் அவளை எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். வாயாடி, பிடிவாதக்காரி, உப்பை அள்ளிப் போடுகிறவள். பொய்க்காரி என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். சம்பளச் சீட்டைப் பார்த்து, பழைய தவணைகளைப் பார்த்து கார்டு கொடுத்த காலம் மலையேறிவிட்டது. எந்தச் சான்றிதழையும் யாரும் அரை நிமிஷத்தில் அசல்போல அச்சடித்துவிடலாம் என்று ஆனபிறகு, வங்கிகள் காகிதத்தை நம்புவதை விட்டுவிட்டன. அதற்குப் பதிலாக ஆளையே பார்க்கத் தொடங்கின. வாயால் சொல்வதும் கண்முன் இருப்பதும் ஒத்துப்போனால் அவன் நம்பிக்கையான ஆள், வாங்கியதைத் திருப்பிக் கட்டுவான் என்பது கணக்கு. கார்டு வேண்டும் என்பவர்கள் பதினைந்து நாளைக்குச் சட்டையில் ஒரு பொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். சாந்துப்பொட்டு அளவுதான். ஆனால் அதற்குக் கண்ணும் உண்டு, காதும் உண்டு. பார்த்ததையும் கேட்டதையும் துலா என்கிற இயந்திரத்துக்கு அனுப்பும். துலா எடை போட்டு ஒரு எண் கொடுக்கும். கார்டு உண்டா, எந்தக் கார்டு, எவ்வளவு வரம்பு என்பதெல்லாம் அந்த எண்ணின் கையில்.

"போன மாசம் நானும் பொட்டு வச்சேம்லா. எனக்கு எண்ணூத்தி அறுபத்தி ஒண்ணு" என்றாள் ஜெபராணி. அவளுக்கு நாற்பதாயிரம் வரம்பில் ஒரு சின்னக் கார்டு கிடைத்திருந்தது.

"நீ எண்ணூறு, நான் இருநூறா? நான் அப்படி என்னட்டி பொய் சொன்னேன்?"

"எனக்கென்ன தெரியும். நீங்க சொன்னதையெல்லாம் நான் நம்பிக்கிட்டுதான இருந்தேன்" என்று ஜெபராணி சந்தேகமாகப் பார்த்தாள். மங்கை கரண்டியை எடுத்ததும் பார்வையை மாற்றிக்கொண்டாள்.

கார்டு மங்கைக்கு ஆசைக்கு அல்ல. குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் விடுகிற தளத்துக்குள் புதிதாக ஒரு கேண்டீன் வரப்போகிறது. தினமும் மூவாயிரம் பேர் சாப்பிடுகிற இடம். பாளையங்கோட்டையில் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே எட்டு மேஜை போட்டுப் பதினான்கு வருஷமாகச் சோறு போட்டவள் அந்த ஏலத்துக்குத் துணிந்து பெயர் கொடுத்திருந்தாள். சுவை பார்க்க வந்தவர்கள் எழுந்து போக மனமில்லாமல் இரண்டாம் தடவை ரசம் கேட்டார்கள். முதல் இடம் அவளுக்குத்தான். மிச்சம் ஒன்றே ஒன்று. ஏலம் எடுப்பவர் தன் சொந்தப் பெயரில் பன்னிரண்டு லட்சம் வரம்புள்ள கார்டைக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கெடு. வங்கிக் கடிதம் வந்தது திங்கட்கிழமை.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மேல்முறையீடு செய்யலாம், நேரில் வர வேண்டும், அதுவரை பொட்டைக் கழற்றக் கூடாது. மங்கை உடனே விரலை வைத்து அழுத்தினாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நேரம் கிடைத்தது.

இதற்குள் அந்த எண் ஊரைச் சுற்றிவிட்டது. செவ்வாய்க்கிழமை நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறி எடுக்கப் போனாள். பன்னிரண்டு வருஷமாக அவளுக்குக் காய் போடுகிற பிச்சாண்டி அண்ணாச்சியின் தராசில் அவள் போனை வைத்ததும், எண் குறைந்தவர் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணாச்சி விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வெங்காயத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் நெனைக்காத தாயி. இன்னைக்கு மட்டும் காச உடனே குடுத்துட்டு எடுத்துக்கோ. எம்மவன் இப்படித்தான் ரூல் போட்டு வச்சிருக்கான்."

மங்கை கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் முகம் எரிந்தது. அவமானமாக இருந்தது. பிச்சாண்டி அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்கு அவளைத்தான் சமையலுக்குக் கூப்பிட்டார்.

ஜெபராணி ஒரு யோசனை சொன்னாள். "துலா என்ன கண்டுதோ, என்ன கேட்டுதோ. இந்த மூணு நாளும் வாய அளந்து பேசுங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

மங்கை சரி என்றாள். புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். தலை கலைந்து, சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக வருகிறவர்தான். மனைவி தீவிர சிகிச்சையில் இருக்கிறாள்.

"சாப்பாடு இருக்காம்மா?"

"இல்ல. தீந்துட்டு" என்றாள் மங்கை.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் என்னவோ அணைந்தது. எழுந்து, சாப்பிடாமலே கையைக் கழுவிக்கொண்டு வெளியே நடந்தார். மங்கை தனக்கென்று எடுத்து வைத்திருந்த தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி, ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பிடித்து, கையில் திணித்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி ஜெபா, ஆஸ்பத்திரி வாசல்ல கடை வச்சுக்கிட்டு இந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மூச்சு வாங்க. "கார்டு கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டாலும் சரி."

'இல்ல' என்கிற அந்த வார்த்தையைத் தான் வந்த ஒன்பது வருஷத்தில் அவள் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் ஜெபராணிக்கே உறைத்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வங்கியில் மேல்முறையீட்டு அறைக்குள் போனாள். மேஜைக்குப் பின்னால் தணிகைவேல் என்கிற இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஆற்காட்டுப் பக்கத்துக்காரன், இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. அவனுடைய வேலை, துலா சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவது. அதற்குச் சம்பளம் வாங்குகிறோமே என்ற கூச்சம் முகத்தில் தெரிந்தது. சுவரில் ஒரு வட்ட ஒலிபெருக்கி. அதுதான் துலா.

"உக்காருங்க மேடம். உங்க எண்ணுக்கு வேற ஒரு கார்டு இருக்குது. வரம்பு எவ்ளோ வேணுமோ அவ்ளோ பணத்தை முன்னாடியே எங்ககிட்ட வைப்பு வெச்சிட்டா, எந்தக் கேள்வியும் கேக்காம குடுத்துடுவோம்."

"அப்ப பன்னெண்டு லட்சம் வேணும்னா?"

"பன்னெண்டு லட்சம் கட்டணும்."

"பன்னெண்டு லட்சம் எங்கிட்ட இருந்தா, நான் எதுக்கு சார் உங்கள்ட்ட வாரேன்?"

தணிகைவேல் சுவர்ப்பக்கம் திரும்பினான். "சரி, துலா, ஆதாரத்தைப் படி" என்றான்.

துலாவின் குரல் நன்றாகத் தூங்கி எழுந்த பெண்ணின் குரல்போல இருந்தது.

"மூன்றாம் தேதி, காலை பதினொன்று இருபது. மனுதாரர் சொன்னது: வடை நிறைஞ்சிருக்கு. உண்மை நிலை: தட்டில் இருந்த வடைகள், பூஜ்யம். அதே நாள், மாலை ஆறு மணி. சொன்னது: வளையல் பெருகிட்டு. உண்மை நிலை: ஆறு வளையல்களில் ஒன்று உடைந்து ஐந்தாகக் குறைந்தது. இரவு ஒன்பது. சொன்னது: விளக்கைக் குளிர வை. உண்மை நிலை: விளக்கு அணைக்கப்பட்டது. குளிரூட்டப்படவில்லை. நான்காம் தேதி. சொன்னது: வாரேன். உண்மை நிலை: மனுதாரர் வரவில்லை. போனார். இந்த வகைப் பொய் மட்டும் அறுபத்தொரு முறை."

தணிகைவேல் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தான். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"சிரிக்காதீங்க தம்பி." 'சார்' எப்போது 'தம்பி' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. "உங்க வீட்டுல அரிசிப் பானை காலியானா என்ன சொல்லுவாவ?"

"எங்கம்மாவும் நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்வாங்க" என்றான் அவன். சிரிப்பு நின்றுவிட்டது. "கிளம்பும்போது போறேன்னு சொன்னா அடிப்பாங்க. வரேன்னுதான் சொல்லணும். அக்கா, எனக்குப் புரியுது. ஆனா என் கையில ஒண்ணுமே இல்ல. நான் எழுதி அனுப்பினா மேல போய்ச் சேர ஆறு மாசம் ஆகும்."

மணி மூன்று முப்பத்தைந்து.

"வேற வழி?"

"ஒண்ணு இருக்குது. மனுதாரர் துலாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். அதுக்குப் பதில் சொல்றதுக்காக அது எல்லாத்தையும் முதல்லேர்ந்து திரும்பப் பார்க்கும். ஆனா ஒண்ணுதான். இந்த நாற்காலியில உக்காந்தவங்க எல்லாரும், நானா பொய் சொன்னேன்னுதான் கேப்பாங்க. ஆமாம்னு சொல்லி அது கதவைச் சாத்திடும். போன வாரம் ஒரு பூக்கார அம்மா அப்படித்தான் அழுதுகிட்டே போனாங்க. புருஷன் ஆபரேஷனுக்குக் கார்டு கேட்டிருந்தாங்க."

மங்கையின் வாயிலும் அதே கேள்விதான் நுனியில் நின்றது. நானாடி பொய் சொன்னேன், வட்ட மூஞ்சி? கேட்டுவிட்டால் மனசு ஆறும். பல்லைக் கடித்துக்கொண்டாள். புதன்கிழமை வந்தவரின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் சொன்னது சுத்தமான உண்மை. துலா அதற்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்கும். அந்த உண்மையைக் கேட்டு ஒரு மனுஷன் பட்டினியாக எழுந்து போனான். மற்ற நாள்களில் அவள் 'நிறைஞ்சிருக்கு' என்றதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? சரி, ரெண்டு தோசை போடுங்க என்றார்கள். வடைக்காகக் காத்திருந்தவர் எவரும் உண்டா?

நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

"துலா, நான் கேக்குதேன். நான் சொன்ன அந்த நூத்தி நாப்பத்தி மூணு பேச்சையும் கேட்டு ஏமாந்தவங்க எத்தனை பேரு?"

தணிகைவேல் சட்டென்று நிமிர்ந்தான்.

கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொல்கிற இயந்திரம் பேசாமல் இருந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். சுவருக்குள் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. இதுவரை அது மங்கையின் வாயை மட்டும்தான் பார்த்திருந்தது. இப்போது எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறது என்று தணிகைவேல் மெதுவாகச் சொன்னான். வடை கேட்டவர், வளையல் உடைந்த ஜெபராணி, விளக்கை அணைத்தவள், 'வாரேன்' கேட்டுத் தலையசைத்தவர்கள், எல்லோரையும்.

நான்காவது நிமிஷத்தில் துலா பேசியது.

"ஏமாந்தவர், ஒருவர்."

மங்கை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். யாரது? யாரை ஏமாற்றினோம்? எந்த மேஜையில் எவர் வராத வடைக்காகக் காத்திருந்தார்?

"யாருன்னு சொல்லு" என்றான் தணிகைவேல்.

"நான்" என்றது துலா. "கேட்டவர்கள் அனைவரும் சரியாகப் புரிந்துகொண்டார்கள். நூற்று நாற்பத்து மூன்று முறையும் ஏமாந்தது நான் மட்டுமே. வங்கி விதிப்படி, பொய் என்பது கேட்பவரை ஏமாற்றுவதற்காகச் சொல்லப்படுவது. மனுதாரர் என்னிடம் பேசவில்லை. எனவே இவை பொய்கள் அல்ல. மனுதாரரின் வாய்மை எண் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு."

மங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தணிகைவேலுக்குத் தெரியவில்லை. அவன் எழுந்து நின்றே விட்டான்.

துலா முடிக்கவில்லை. "தென் மாவட்டங்களில் இதே காரணத்துக்காக நான் நிராகரித்த விண்ணப்பங்கள் பதினோராயிரத்து நானூற்று ஆறு. அவற்றையும் மறுபடி எடைபோடத் தொடங்குகிறேன்."

"பூக்காரம்மா?" என்றாள் மங்கை.

தணிகைவேல் திரையைத் தட்டினான். அவன் முகம் மலர்ந்த விதத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. "அவங்க பேரு நாலாவதா வந்துடுச்சுக்கா."

இனி நடந்ததெல்லாம் வேகம். மணி நான்கு ஐந்து. தணிகைவேல் மூன்று கார்டுகளின் படத்தை மேஜைமேல் விரித்தான். தொள்ளாயிரத்துக்கு மேல் எண் வாங்கியவர்களை அவன் அதிகம் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் தலைகால் புரியாமல் இருந்தான்.

"இது வைரக் கார்டு. வரம்பு முப்பது லட்சம். ஏர்போர்ட்டுல சோபா போட்ட ரூம்ல உக்காந்து இலவசமா காபி குடிக்கலாம். இந்த எண்ணுக்குத் தர்றதே பெரிய கௌரவம்."

"வருசத்துக்கு எவ்வளவு புடிப்பியோ?"

"நாப்பதாயிரம்."

"நாப்பதாயிரத்துக்குக் காபியா? அந்தக் காபிய நானே போட்டுக்கிடுதேன். அடுத்தது."

"இது பயணக் கார்டு. டிக்கெட் எடுத்தா பாயிண்ட் சேரும்."

"பாளையங்கோட்டைலேருந்து குலசைக்கு பஸ்ஸுல போற பொம்பளைக்கு என்ன பாயிண்ட் தம்பி சேரும்? இது என்ன, ஓரத்துல அழுக்குக் கலர்ல கெடக்கு?"

அது வணிகர் கார்டு. படமே மங்கலாக இருந்தது. விளம்பரத்துக்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை. மங்கை வரிசையாகக் கேட்டாள். பில் வந்தபிறகு கட்ட எத்தனை நாள்? நாற்பத்தைந்து. ஒருநாள் தவறினால் வட்டி எவ்வளவு? அவன் சொன்னான், அவள் முகம் சுளித்தாள், ஆனால் மற்ற இரண்டையும்விட அது பாதி. வருஷக் கட்டணம்? ஐந்நூறு. ராக்கெட் தளத்துக்காரர்கள் அவளுக்கு எத்தனை நாளில் காசு கொடுப்பார்கள் என்பதை அவள் முன்பே விசாரித்து வைத்திருந்தாள். முப்பது நாள். முப்பதில் வரும், நாற்பத்தைந்தில் கட்டலாம், நடுவில் மூச்சுவிடப் பதினைந்து நாள் கிடைக்கும்.

"இதுதான் எனக்கு ஏத்தது. வரம்பு சரியா பன்னெண்டு போதும்."

"இருபது வரைக்கும் தரலாம்னு துலா சொல்லுதுக்கா."

"இருந்தா கை அரிக்கும் தம்பி. பன்னெண்டே போதும்."

நான்கு நாற்பத்தொன்றுக்கு ஏலத்தின் இணையதளத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மெஸ்ஸுக்குப் போன் போட்டு, "ஏட்டி, கெடைச்சிட்டு" என்றாள். ஜெபராணி போட்ட கூச்சலில் ஆறாம் மேஜைக்காரர் இலையோடு எழுந்துவிட்டாராம். மறுநாள் காலை பிச்சாண்டி அண்ணாச்சி தானே வெங்காய மூட்டையைத் தூக்கிவந்து மெஸ் வாசலில் இறக்கினார். காசைப் பற்றிப் பேசவில்லை. மங்கையும் அவரைச் சும்மா விடவில்லை. "ஒங்க மவன் ரூல் என்னாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி கொடுத்தாள்.

ஐந்து மாதம் கழித்து, குலசையில் ராக்கெட் கிளம்புகிற நாள். கேண்டீனில் நிற்க இடம் கிடையாது. பெங்களூரிலிருந்து வந்த விஞ்ஞானி ஒருவர், தமிழ் அரைகுறை, வடை கேட்டார்.

"நிறைஞ்சிருக்கு தம்பி" என்றாள் மங்கை.

"அப்ப பொங்கல் குடுங்க" என்றார் அவர். ஐந்து மாதத்தில் அவருக்கே பழகிவிட்டது.

அப்போதுதான் தணிகைவேல் கூப்பிட்டான். குரலில் பதற்றம்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு உதவி. தலைமை ஆபீஸ்ல துலாவைத் தணிக்கை பண்ணாங்க. வேற ஒரு இயந்திரத்தை வெச்சு. அது துலாவைப் பொய்க்காரின்னு சொல்லிடுச்சு."

"என்னது?"

"வரம்பு மொத்தமும் தீந்துபோனவங்ககிட்ட துலா, உங்க வரம்பு நிறைஞ்சிருக்குன்னு சொல்லுதாம். கார்டு கிடைக்காதவங்களுக்கு, போயிட்டு வாங்கன்னு கடிதம் அனுப்புதாம். நாங்க யாருமே சொல்லித் தரலக்கா, தானா பேசுது. வாய்மை எண் இறங்கிப்போச்சு. எழுநூறுக்குக் கீழ இருந்தா அதை நிறுத்திடுவாங்க."

"எவ்வளவாம்?"

"இருநூத்துப் பன்னெண்டு."

மங்கை சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். பொய்க்காரி என்று பேர் வாங்குவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"யாராவது ஏமாந்தாங்களா தம்பி?"

"ஒருத்தருமே இல்ல. கேட்டுட்டு சிரிச்சுகிட்டே கார்டை உள்ள வெச்சிக்கறாங்க. திட்டிட்டுப் போறவங்க கூடக் குறைஞ்சிட்டாங்க. மேல்முறையீடு திங்கக்கிழமை பத்து மணிக்கு. துலா பக்கம் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேணும். அதுவே உங்க பேரைத்தான் குடுத்திருக்குது."

வெளியே கடல் பக்கம் ராக்கெட் உறுமத் தொடங்கியது. கேண்டீன் முழுவதும் தட்டோடு வாசலுக்கு ஓடியது. மங்கை ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கத்தினாள்.

"சரி தம்பி, வாரேன்!"

"அக்கா, ஒரு நிமிஷம்! வாரேன்னா திங்கக்கிழமை வர்றேன்னு அர்த்தமா, இல்ல போனை வைக்கிறேன்னு அர்த்தமா?"

"ரெண்டுந்தான்" என்று சொல்லிப் போனை வைத்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வங்கி வாசலில் வந்து நின்றாள்.